நடு ஆளுக்குச் செய்த கார்

முதலில் மன்னிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் கையெழுத்தை என் மனைவியே வாசிப்பதில்லை. கடைச் சாமான் துண்டு எழுதிக் கொடுத்தால் அதை என்னிடமே திருப்பித் தந்து, வாயால் சொல்லச் சொல்வாள். எந்த இடத்தில் ல, எந்த இடத்தில் ள என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். கோயில் மலருக்கு, மறக்க முடியாத ஒரு மனிதரைப் பற்றி எழுதித் தரும்படி எல்லோரையும் கேட்டார்கள். மற்றவர்கள் தலைமை ஆசிரியர்களையும் டாக்டர்மாரையும் பற்றி எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் நிறையப் படித்தவர் இவர்தான். இவர் படித்ததும் ஒரே ஒரு பாடம். ஒரு அமெரிக்கக் கார்க் கம்பனியின் சரித்திரம்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவருடைய சொந்தக்காரர் இன்னும் இங்கே பலேர்மோவில் இருக்கிறார்கள். கம்பனியின் பெயரையும் எழுத மாட்டேன். அது இங்கிலிசுப் பெயர், நான் எழுதினால் பிழைக்கும். அந்தப் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அவர் பொறுக்க மாட்டார். என்னுடைய பெயரை என்னிடம் அவர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார், அது வேறு விஷயம்.

அவர் உலகத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். மேல், கீழ், நடு. மேலும் கீழும் மற்றவர்களுக்கு. நடு அவருக்கு.

பல்லரோ சந்தையில் தக்காளி இரண்டு குவியலாக இருந்தால் வாங்காமல் வந்துவிடுவார். மூன்று குவியல் இருந்தால் நடு விலைக் குவியலில் வாங்குவார். பழத்தைத் தொட்டும் பார்ப்பதில்லை, விலை அட்டையைத்தான் பார்ப்பார். சந்தைக்காரன் கெதியிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டான். இவர் மூலையில் திரும்புவதைக் கண்டதும், விலை கூடின குவியலுக்குப் பக்கத்தில் நாலே நாலு பழத்தை அடுக்கி, ஒருவரும் வாங்க முடியாத ஒரு விலையை எழுதிக் குத்தி வைப்பான். உடனே நேற்றைய மேல் தக்காளி இன்றைய நடுத் தக்காளி ஆகிவிடும். இவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்து, அவன் நியாயமான ஆள் என்று எங்களுக்கும் சிபாரிசு செய்வார்.

பஸ்ஸில் நடுக் கதவால்தான் ஏறுவார். பலேர்மோ பஸ்ஸில் நடுக் கதவு இறங்குகிறவர்களுக்கு உரியது. எத்தனையோ கிழவிகளின் கூடைகளோடு மோதி, எத்தனையோ திட்டு வாங்கி, கடைசிவரை அந்தக் கதவாலேயே ஏறினார்.

எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருக்கிறதல்லவா? அது கடவுள் அவருக்கென்றே செய்து கொடுத்த வசதி. எல்லோரும் அவருக்கு நீர்தான். சங்கத் தலைவரும் நீர், நாலு வயதுக் குழந்தையும் நீர். தலைவர் ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. குழந்தை மட்டும் பெருமையாக நிமிர்ந்து நின்றது.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அதுகூட அவருக்குப் பொருத்தமான காலம்தான். நாங்கள் நாலு பேர் சந்தைக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தோம். அவர் ஒரு வயது போன இத்தாலியரோடு, அவருடைய வீட்டிலேயே தங்கி, அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. லீவு நாளில் எங்கள் அறைக்கு வருவார். எங்களிடம் இருந்தவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்கள், மேல் ஒன்று, கீழ் ஒன்று. அவர் இரண்டு அடுக்குக்கும் நடுவில் நிலத்தில் பாயைப் போட்டுப் படுப்பார். விடிய வேலைக்குப் போகிற நாங்கள் எல்லோரும் அவரை மிதித்துக்கொண்டுதான் போவோம்.

அந்தக் கிழவரைத் தெருவில் எல்லோரும் அமெரிக்கானோ என்று கூப்பிட்டார்கள். இளவயதில் அமெரிக்காவுக்குப் போய், சலூன் வைத்து, வயது போனபின் ஊருக்குத் திரும்பியவர். திரும்பும்போது மற்றவர்கள் பெட்டி கொண்டுவருவார்கள். இவர் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு இத்தாலியக் கார்களை ஒட்டி வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். கரும்பச்சை நிறம், முன் சீற்றில் மூன்று பேர் இருக்கலாம். கிழவரின் தெரு மூலையில் அதைத் திருப்ப அரைமணித்தியாலம் வேண்டும் என்பதால் அது கராஜை விட்டு வெளியே வருவதில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்குக் கிழவர் சாரதி இடத்தில் ஏறி இருப்பார். நம்முடைய ஆள் பக்கத்தில் இருப்பார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதில்லை. கிழவர் சரித்திரம் சொல்வார். ஆறு வருடமாக அந்தக் காரில் இவர் போன தூரம் ஒன்றுமில்லை. கேட்ட கதையோ அமெரிக்காவை மூன்று தரம் சுற்றி வரும்.

அந்தச் சரித்திரத்தை நான் நூறு தரமாவது கேட்டிருப்பேன். நான் வாய் திறக்காத ஆள் என்பதால் எனக்குச் சொல்வது அவருக்கு வசதி. அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பனி இருந்ததாம். முதல் சம்பளம் எடுத்தவனுக்கு ஒரு மலிவுக் கார் செய்தது. பாங்க் முதலாளிக்கு ஒரு ஆடம்பரக் கார் செய்தது. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் ஏறியவன், இன்னும் ஏற வேண்டியவன், அவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் போட்டிக் கம்பனிக்குப் போனான். அவனைப் பிடித்து வைத்திருக்கத்தான் இந்தக் காரைப் புதுப் பெயரோடு செய்தார்களாம். டாக்டர்மார், தலைமை வாத்திமார், காப்புறுதி விற்கிறவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். வீட்டுக் கராஜில் விடாமல், பக்கத்து வீட்டுக்காரன் காணும்படி தெருவில் விட்டார்கள். கிழவர் தன் சலூனில் ஒரு கதிரை இருந்தபோது பஸ்ஸில் போனார். இரண்டு கதிரை ஆனபோது மலிவுக் கார். மூன்று கதிரை ஆனபோது இந்தக் கார். நாலாவது கதிரை போட்டபிறகும் ஏன் ஆடம்பரக் கார் வாங்கவில்லை என்று இவர் கேட்டாராம். அதற்குமேல் ஏறினால் பிறகு சவ வண்டிதான் என்றாராம் கிழவர்.

"விளங்குதோ தம்பி? ஏழையில்லை எண்டு ஊருக்குத் தெரியவேணும். பணக்காரன் எண்டு தெரியவும் கூடாது. அப்பிடி யோசிச்சு ஒரு கார் செய்திருக்கிறான் பாரும்."

கிழவரின் சரித்திரம் அவர் கப்பலேறிய வருடத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு கம்பனிக்கு என்ன நடந்தது என்று கிழவருக்குத் தெரியாது. நம்முடைய ஆளின் மைத்துனர் ஒருவர் ரொறொன்ரோவில் இருந்தார். அவர் ஒருநாள் தொலைபேசியில் மிச்சத்தைச் சொன்னார். அந்தக் காரை இங்கே பென்சன் எடுத்த கிழடுகள்தான் ஓட்டுகின்றன, இப்போது மலிவுக் காருக்கும் நடுக் காருக்கும் ஆடம்பரக் காருக்கும் ஒரே உடம்பைச் செய்து மூன்று பெயர் ஒட்டி விற்கிறார்கள், வாங்குகிறவனுக்கும் விளங்கிவிட்டது, விற்பனை விழுந்துகொண்டு போகிறது என்று. இவர் தொலைபேசியை வைத்துவிட்டு, கனடாவில் இருப்பவர்களுக்குக் கார் தெரியும், சரித்திரம் தெரியாது என்றார்.

அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் காத்திருந்தா. பிரிந்து எட்டு வருடம். அவவைக் கூப்பிட இவரிடம் வேலை இருக்க வேண்டும், வீடு இருக்க வேண்டும், பெர்மெசோ என்கிற வதிவிடப் பத்திரம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மாதம் இரண்டு கடிதம் எழுதுவார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவார். அதில் தன்னுடைய வேலையை "ஒரு அமெரிக்கரின் வாகனப் பொறுப்பாளர்" என்று எழுதுவார். கிழவரைக் குளிப்பாட்டுவதும் மலச்சட்டி எடுப்பதும் கடிதத்தில் வராது. பொய் என்று சொல்ல முடியாது. தினமும் ஒரு மணித்தியாலம் வாகனத்தில் பொறுப்பாகத்தான் இருந்தார்.

ஒரு சித்திரை மாதம் கிழவர் செத்துப்போனார். வடக்கிலிருந்து பிள்ளைகள் வந்து, வீட்டைப் பூட்டி, காரைக் காட்டி, இதை யாராவது கொண்டுபோனால் புண்ணியம் என்றார்கள். இவரிடம் லைசென்ஸ் இருந்தது, எங்கள் எல்லோரிலும் இவரிடம்தான் இருந்தது. ஆக, ஒரே கிழமையில் அவருக்கு வேலை போனது, படுக்க இடம் போனது, அமெரிக்கக் கார் வந்தது.

பெர்மெசோ ஆவணி முடிவில் முடிகிறது. அதற்குள் புது வேலைக் கடிதம் கொண்டுபோய் குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் கந்தோரில், காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவருடைய பெர்மெசோவும் இல்லை, மனைவியின் விசாவும் இல்லை. இரண்டு வேலை அவரைத் தேடி வந்தன. ஒன்று கடற்கரைப் பக்கத்தில் ஒரு பெரிய மாளிகை. நல்ல சம்பளம், தனி அறை, ஆனால் தனி ஆள். மனைவியோடு இருக்க முடியாது. அதை விட்டது சரி. மற்றது நான் கொண்டுவந்தது. நான் படி கழுவுகிற ஐந்து மாடிக் கட்டடத்தில் இன்னொரு ஆள் வேண்டும் என்று நிர்வாகி என்னிடம் கேட்டிருந்தார். கடிதம், காப்புறுதி எல்லாம் தருவார்கள். நான் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு இரண்டு நாள் ஒத்திகை பார்த்து இதை அவரிடம் சொன்னேன்.

"தம்பி, நீர் குறை நினைக்கக் கூடாது. படி கழுவுறது கீழ் வேலை. ஒருக்கா கீழை இறங்கினா பிறகு மேலை வர ஏலாது."

நான் குறை நினைக்கவில்லை. அப்போதே பதினொரு வருடமாக நான் காலையில் மேல் மாடிக்கு ஏறி, அங்கேயிருந்துதான் கழுவிக்கொண்டு கீழே வந்துகொண்டிருந்தேன். படி கழுவுகிறவன் எப்போதும் மேலேயிருந்துதான் தொடங்குவான். இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். எனக்குப் பதில் வருவதற்கு எப்போதும் ஒரு கிழமை பிடிக்கும்.

இரண்டு வேலை வந்தால் மூன்றாவது வரும் என்று அவர் இருந்தார். வைகாசி போனது. நடு வேலை வரவில்லை. ஆனியில் காருக்குப் பூசை வைத்தார்.

கோயில் அப்போது பல்லரோவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், பழைய களஞ்சிய அறை ஒன்றில் இருந்தது. ஒழுங்கைக்குள் கார் வருமா என்று அளந்து பார்க்கச் சொன்னார். படி துடைக்கும் தடியைக் கொண்டுபோய் ஒழுங்கையின் வாயை அளந்தேன். கார் நுழையும், இரண்டு பக்கமும் ஒரு சாண் மிஞ்சும். மறுமுனையில் இருக்கிற கல் வளைவை அளக்கும்படி அவர் சொல்லவில்லை. சொல்லாததை நான் செய்வதில்லை.

பூசை செய்தவர் மொறிசியஸ்காரர். கிழமை நாளில் ஒரு சின்யோரா, அதாவது இத்தாலிய அம்மா, வீட்டில் சமையல், ஞாயிற்றுக்கிழமை ஐயர். தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார். இவர் அவரையும் நீர் என்றுதான் கூப்பிட்டார். பலேர்மோவில் அதற்காகக் கோபிக்காத ஒரே பெரியவர் அவர்தான், ஏனென்றால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நல்ல பழத்தை ஏன் நசிக்கிறீர்கள் என்று மேல் பல்கணியிலிருந்து ஒரு அம்மா கேட்டா. ஐயர் கையை உயர்த்தி, இனி முன்னுக்கு மட்டும், முதல் ஓட்டம் முடியும்வரை பின்னுக்கு எடுக்கவே கூடாது என்றார். கார் நாலு பழத்தையும் நசித்து முன்னுக்குப் போனது. நேராகப் போய்க் கல் வளைவுக்குள் செருகி நின்றது. வலது பக்கக் கதவின் கைபிடி கல்லில் உரசி முறிந்து என் காலடியில் விழுந்தது.

பின்னால் கத்தரிக்காய் ஏற்றின வான் ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் மூன்று ஸ்கூட்டர். பல்லரோ முழுக்க வந்து பார்த்தது. மீன்காரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, இது காரோ கப்பலோ, துறைமுகத்துக்கு வழி அந்தப் பக்கம் என்றான். பல்கணி அம்மா, ரிவர்ஸ் போடு மகனே என்றா. முதலில் அன்பாகச் சொன்னா. பிறகு எல்லோரும் சேர்ந்து, அன்பில்லாமல் சொன்னார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். நான் யன்னலுக்குப் போய், அண்ணை, பின்னுக்கு எடுங்கோ என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"ஐயர் என்ன சொன்னவர்? நீரும் கேட்டனீர்தானே."

"ஓம்."

"அவ இஞ்சை வந்து சேரவேணும், தம்பி. முதல் ஓட்டத்திலேயே நான் பின்னுக்குப் போனா, அவ எப்பிடி முன்னுக்கு வாறது?"

அதுவரை எனக்குள் சிரிப்பாக இருந்தது. அந்த நேரம் சிரிப்பு நின்றுவிட்டது. போய் ஐயரிடம் சொன்னேன். ஐயர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். எஞ்சின் பின்னுக்கு இழுத்தால்தான் தோஷம். மனிதர் தள்ளினால் தோஷமில்லை. அதுவும் வளைவுக்கு அந்தப் பக்கம் போய் முன்னாலிருந்து தள்ளினால், தள்ளுகிறவர்களுக்கு அது முன்னுக்குத்தானே? சைவத்தில் இது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் மீன்காரனுக்கும் இறைச்சிக்காரனுக்கும் நான் இத்தாலியத்தில் சொன்னபோது அவர்கள் இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களும் ஊர்வலத்தில் புனிதையின் சிலையைத் தோளில் தூக்குகிறவர்கள், இதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். சுற்றிப் போய் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். அவர், தனக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்பதற்காக இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதனால் மற்றப் பக்கமும் உரசியது.

முறிந்தது மனைவி ஏறப்போகிற பக்கத்துக் கதவின் கைபிடி. அது திருத்தாமல் அவருக்கு நித்திரை இல்லை. அடுத்த சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு நகர ஓரத்துப் பிரான்காச்சோவுக்குப் போனார். அங்கே, மாடி வீடுகளுக்குப் பின்னால், அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பழைய கார்களை உடைத்து விற்கிற ஒரு மெக்கானிக் இருந்தான். என் பக்கக் கதவு வெளியிலிருந்து திறபடாததால் நான் அவருடைய பக்கத்தால் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழால் ஊர்ந்து போய் இருந்தேன்.

அவர் மெக்கானிக்குக்குச் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். எந்தக் கம்பனி, யாருக்காகச் செய்தது, அதனால் இந்தக் காரின் கைபிடிதான் வேண்டும், வேறு பூட்டக்கூடாது என்று. மெக்கானிக் கேட்டுக்கொண்டே ஒரு பெட்டியைக் கிண்டி ஒரு கைபிடியை எடுத்துப் பூட்டினான். கச்சிதமாகப் பொருந்தியது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பார்த்தீரா, அசல் அசல்தான் என்றார் என்னிடம். அது எந்தக் காரிலிருந்து எடுத்தது என்று மெக்கானிக்கிடம் கேட்டார். அவன் மதிலோரம் கிடந்த ஒரு காரைக் காட்டினான். அது அந்தக் கம்பனியின் மலிவுக் கார்.

அதைக் கழற்று என்றார். அவன் கழற்றினான். கோபிக்காமல் இன்னொன்றை எடுத்துப் பூட்டினான். அதுவும் கச்சிதம். இது முதலாளிமாரின் கார், பெரியது, அதிலிருந்து எடுத்தது, இது சரிதானே என்றான். இரண்டு கைபிடிகளையும் திருப்பி, உள்பக்கத்தில் குத்தியிருந்த நம்பரை எண்ணெய் விரலால் தொட்டுக் காட்டினான். ஒரே நம்பர். "ஸ்தெஸ்ஸா கோசா" என்றான். ஒரே சாமான். கதவும் ஒன்று, கண்ணாடியும் ஒன்று, முகப்பில் இருக்கிற பெயர் மட்டும் வேறு, ஒரு ஸ்குறூ டிரைவர் இருந்தால் இந்தக் காரை நீ கேட்கிற எந்தக் காராகவும் மாற்றித் தருவேன் என்று உற்சாகமாகச் சொன்னான். பாவம், நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தான்.

அவர் கைபிடியைப் பார்த்துக்கொண்டு, தமிழில், ஒருவருக்கும் இல்லாமல் சொன்னார்.

"அப்ப நடுவிலை என்ன இருக்கு?"

என்ன சொல்கிறார் என்று மெக்கானிக் என்னைக் கேட்டான். எனக்கு அதை இத்தாலியத்தில் சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு என்று கேட்கிறார் என்றேன். ஒன்றும் வேண்டாம், ஒரு கோப்பி வாங்கித் தா என்றான்.

அந்தக் கார் பல வருடங்களுக்குப் பிறகு அதே மெக்கானிக்கிடம்தான் போய்ச் சேர்ந்தது. அதன் கதவுகள் இப்போதும் எங்கேயாவது வேறு வேறு பெயர்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அவர் சரித்திரம் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்கச் சொல்லவில்லை. நாங்கள் சமைத்ததைத் தின்றார். ரொறொன்ரோ மைத்துனரை இவராகவே கூப்பிட்டு, கம்பனி எப்படி இருக்கிறது என்று, ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்பதுபோல விசாரித்தார். அங்கே காட்சியறைகளைப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று அவர் சொன்னார். இந்தமுறை இவர் எதிர்த்துக் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விலை அட்டையைப் பாராமல் தக்காளி வாங்கினார். நாலு பழம் அடுக்கி வைத்துக் காத்திருந்த சந்தைக்காரன், இவருக்கு என்ன வருத்தம் என்று என்னிடம் கேட்டான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போனால், கட்டட வாசலில் ஒரு வாளியோடு நிற்கிறார். வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நிர்வாகியிடம் நான் ஒவ்வொரு கிழமையும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அதையும் அவரிடம் சொல்லவில்லை.

"எங்கை துவங்குறது?" என்றார்.

"மேலை, அண்ணை."

"மேலையோ?"

"ஓம். மேலையிருந்துதான் கழுவி வாறது."

அண்ணாந்து ஐந்து மாடியையும் பார்த்தார். எனக்கு அந்தப் பதில் இரண்டு மாதம் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது.

நல்ல வேலைக்காரர் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரை ஊற்றிவிட்டு யோசித்துக்கொண்டு நிற்பார். மூன்றாம் மாடிச் சின்யோரா இரண்டு தரம் வழுக்கினா. ஆனால் கடிதம் வந்தது, ஆவணியில் பெர்மெசோ புதுப்பித்தார்கள், இரண்டு அறை வீடு எடுத்தார், மனைவியின் கடதாசிகள் கொழும்புக்குப் போயின. கடிதத்தில் மட்டும் வாகனப் பொறுப்பாளர் மாறவில்லை. எனக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். அவ வந்தபிறகு சொல்லலாம் என்றார். அவ வந்து, தெரிந்து, திரும்பிப் போகிறேன் என்றால்? எட்டு வருடத்துக்குப் பிறகு முதலில் தெரிய வருவது பொய் என்றால்? இதை அவர் என்னிடம் கேட்கவில்லை. நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் நின்றுகொண்டு தனக்குத்தானே கேட்டார். நான் கீழ்ப்படியில் நின்றதால் கேட்டது.

பங்குனி மாதம் அவ வந்தா. விமான நிலையத்துக்கு என்னையும் வரச் சொன்னார், பெட்டி தூக்க. அவர் கோட் போட்டிருந்தார். அவ ஒரே ஒரு பெட்டியோடு, சீலைக்கு மேல் யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையோடு வெளியே வந்தா. மெலிந்த சிறிய ஆள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் பெட்டியை வாங்கி என்னிடம் தந்தார், நான் அதை மடியில் வைத்துக்கொண்டு பின் சீற்றில் ஏறினேன். அவ காரைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு முன்னால் ஏறினா.

கார் ஓடத் தொடங்கியதும் அவர் சரித்திரத்தைத் தொடங்கினார். எட்டு வருடம் காணாத மனைவிக்கு, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல், இவர் அமெரிக்காவில் முதல் சம்பளம் எடுத்தவனைப் பற்றிச் சொல்கிறார். சலூன்காரரின் மூன்றாவது கதிரைவரை அவ பொறுமையாகக் கேட்டா.

"இஞ்சாருங்கோ. அந்த ஐயா செத்து ஒரு வருசமாகப் போகுது எண்டு அண்ணா சொன்னவர். இப்ப நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?"

ரொறொன்ரோ மைத்துனர், காரைப் பற்றி மட்டும் கதைக்கிறவர் இல்லைப்போலும். நான் பெட்டியின் கைபிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காரை ஒரு சுரங்கப் பாதைக்குள் விட்டார். வெளிச்சத்துக்கு வந்தபிறகு சொன்னார்.

"படி கழுவுறன்."

"எத்தினை மாடி?"

"அஞ்சு."

அவ கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டா.

"நான் லொட்ஜிலை மூண்டு மாடி கூட்டித் துடைச்சனான். ரெண்டு வருசம். அறை தந்தவங்கள் அதுக்குத்தான் தந்தவங்கள். உங்களுக்கு எழுதேல்லை."

"ஏன் எழுதேல்லை?"

"வாகனப் பொறுப்பாளற்றை மனிசி எண்டு எழுதியிருந்தியள். பிறகு அதை எப்பிடி எழுதுறது?"

அவர் காரின் வேகத்தைக் குறைத்தார். தெரு ஓரமாக எடுத்து நிறுத்தப் போகிறார் என்று தெரிந்தது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றா. "எனக்குப் பசிக்குது."

அவர் நிறுத்தவில்லை. சரித்திரத்தின் மிச்சத்தையும் சொல்லவில்லை. கண்ணாடியில் அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், அது எனக்கு நேரேதான் இருந்தது.

நாலு நாள் கழித்துத் திங்கட்கிழமை, சும்மா பார்க்க வருகிறேன் என்று அவவும் எங்களோடு கட்டடத்துக்கு வந்தா. வந்தவ கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, அவருடைய கையிலிருந்து தடியை வாங்கினா. அவ இரண்டாம் மாடியை முடித்தபோது, அவரும் நானும் இன்னும் நாலாம் மாடியில் நின்றோம்.

பலேர்மோ,
ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி 12, 2008.